மேஸ்திரிக்கு யார் உத்தரவு கொடுப்பது?

அத்தியாயம் பதினாறு

வலது தோள்பட்டையில் பிடித்த வலி முழங்கை வழியாக இறங்கிச் சுண்டு விரலில் போய் நின்றது. படுக்கும்போது இருந்த இடத்திலேயே எழுந்திருக்கும்போதும் இருந்தது. ராத்திரி பூராவும் அதுவும் அவளோடு பாயைப் பங்கு போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது. சீப்பைத் தலைவரைக்கும் தூக்க முடியவில்லை. இடது கையால் எப்படியோ நாலு இழுப்பு இழுத்து, முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

விடியுமுன் யாருக்காகத் தலை சீவுகிறாய் என்று கேட்டால் அவளிடம் பதில் கிடையாது. நல்லவேளையாக யாரும் கேட்பதில்லை.

நாள் முழுக்க இறைச்சிக் கடையில் கத்தி பிடிக்கிற கை அது. கத்தி அவள் புருஷனுடையது. அவன் நின்ற மேடையில்தான் இப்போது அவள் நிற்கிறாள். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அந்தக் கடையின் குளிர் அறைக்குள் போனவன் திரும்பி வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தபோது சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, சற்று அலுப்பாற உட்கார்ந்தவன் மாதிரி இருந்தான். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். "அந்தக் குளிர்ல போய் எதுக்குடா உட்கார்ந்த?" என்று அவன் அம்மா, அவளுடைய அத்தை, உடம்பைப் பார்த்துக் கேட்டாள். இன்னும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவன் விட்டுப்போனதில் மூச்சு விடுகிறது ஒன்றே ஒன்றுதான். அது மேஸ்திரி.

மேஸ்திரி என்பது நாய். யார் எந்த வேலை செய்தாலும் எதிரே வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, நீ செய்வது சரியில்லை என்கிற மாதிரி பார்ப்பதால் அந்தப் பெயர். கடையின் பின்பக்கம் ரோமம் கொட்டி, தோலெல்லாம் புண்ணாகிக் கிடந்த குட்டியைப் புருஷன்தான் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். சமைத்ததைப் போட்டால் சொறிந்தது. பாக்கெட் தீனி போட்டால் கக்கியது. கடைசியில் பச்சைக் கறியும் பச்சை எலும்பும் போட ஆரம்பித்தான். ரோமம் வந்தது. பளபளப்பும் வந்தது. "அது வயிறு வேற, நம்ம வயிறு வேற. நம்ம அடுப்பு அதுக்கு எதுக்கு?" என்பான்.

அவள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்து நேற்றே இறக்கி வைத்திருந்த டப்பாவை எடுத்தாள். கோழிக் கழுத்து, இரைப்பை, கொஞ்சம் நுரையீரல். ஈரல் மட்டும் கட்டை விரல் அளவு. அதற்கு மேல் போனால் மேஸ்திரி வீட்டையே நாறடித்துவிடும். அதற்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி, தனித் தட்டு. முடிந்ததும் எல்லாவற்றின் மேலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்ற வேண்டும். உயிரோடு இருந்தபோது அவன் செய்ததை ஒன்று விடாமல் செய்தாள். அப்போதெல்லாம் அவளுக்கு இந்த நாயைக் கண்டால் ஆகாது.

சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற சிமெண்ட் தளம். அங்கேதான் தட்டு வைப்பது. அத்தை ஏற்கெனவே வந்து தன் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், முகம் நாயின் பக்கம், முதுகு வீட்டின் பக்கம்.

"தலை சீவிட்டியா?" என்றாள் அத்தை.

"ம்."

"உட்காரு. திரும்பாத."

திரும்பக் கூடாது. அதுதான் இந்த வீட்டின் சட்டம்.

அவன் போன பிறகு மேஸ்திரி தட்டைத் தொடவில்லை. உத்தரவு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று அதைப் பழக்கி வைத்திருந்தான். என்ன உத்தரவு என்பதுதான் யாருக்கும் தெரியாது. எல்லாரும் தூங்கும்போதே எழுந்து அவன் தனியாகச் சோறு வைப்பவன். "சாப்பிடு" சொல்லிப் பார்த்தார்கள். "தின்னு" சொல்லிப் பார்த்தார்கள். கொழுந்தன் அண்ணன் குரல் மாதிரியே தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு அதட்டிப் பார்த்தான். நாய் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது; தலை இறங்கவில்லை. விலா எலும்பை எண்ணலாம் போல ஆனது. உள்ளே அத்தையும் அதே மாதிரிதான் கிடந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. வெறும் வயிற்றில் மாத்திரை போட முடியாது, மாத்திரை இல்லாமலும் முடியாது.

பிறகு ஒரு விடியற்காலையில் மேஸ்திரி திடீரென்று தலையை நிமிர்த்தி, அவர்களைத் தாண்டி, வீட்டின் உள்வாசல் இருட்டைப் பார்த்தது. காது நிமிர்ந்தது. அப்படியே தலையை இறக்கிச் சாப்பிட்டது.

"வந்துட்டான்," என்றாள் அத்தை. குரலே எழும்பவில்லை. "அவன்தான் சொல்லிட்டான். திரும்பாத. திரும்பினா போயிடுவான்."

அன்றைக்கு அத்தை முழுத் தட்டு சாப்பிட்டாள். அன்றிலிருந்து நாய் சாப்பிட்டால் அத்தை சாப்பிடுவாள். அத்தை சாப்பிட்டால் வீடு நகரும்.

அவள் நம்பினாளா? வெளியில் யாராவது கேட்டால் சிரித்திருப்பாள். ஆனால் தலை சீவினாள். ஒரு தடவை லேசாகக் கழுத்தைத் திருப்பப் போனபோது அத்தையின் விரல்கள் தொடையில் கொக்கி மாதிரி இறங்கின. அப்புறம் அவள் முயலவில்லை. பார்க்காமல் இருந்தால் அவன் நிற்பான் என்றால், ஆயுசுக்கும் பார்க்காமல் இருந்துவிட்டுப் போகலாம்.

இன்றைக்குத் தட்டை வைத்துவிட்டு அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேஸ்திரி வந்தது. முகர்ந்தது. நிமிர்ந்து உள்வாசலைப் பார்த்தது.

பார்த்துக்கொண்டே நின்றது.

எச்சில் விழுந்து தரையில் சின்னக் குளமாகத் தேங்கியது. பக்கத்து வீட்டில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நாய் ஒரு தடவை முனகி, திரும்ப வாசலைப் பார்த்தது.

"ஏன் சொல்ல மாட்டேங்கிறான்?" என்றாள் அத்தை.

"கொஞ்சம் பொறுங்க அத்தை."

"பொறுத்துட்டுதானே இருக்கேன்."

கிழக்கு வெளுத்துவிட்டது. தட்டின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அத்தை முந்தானையால் அதை ஓட்டினாள். பிறகு மெதுவாக, சட்டம் போட்டவளே சட்டத்தை மீறித் திரும்பி, உள்வாசலைப் பார்த்தாள். அங்கே நடையில் மாமாவின் காலிக் கட்டில் மட்டும்தான் இருந்தது.

மாமாவை நேற்றுக் காலைதான் கொழுந்தன் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கைச்சைகை காட்டும் வேலை பார்த்தவர் அவர். அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. மீதியிருந்த கண்களையும் இப்போது புரை மூடிக்கொண்டு வந்தது. அறுவை வேண்டவே வேண்டாம் என்று போன வாரம் முழுக்க அடம் பிடித்தார். காரணம் கேட்டால் கையை விரித்தார். "கத்தியைக் கண்டு பயப்படுற வயசா இது?" என்று கொழுந்தன் கேலி செய்து, ஏறக்குறைய தூக்கித்தான் வண்டியில் ஏற்றினான். இன்று சாயங்காலம் வந்துவிடுவார்.

"போயிட்டான்," என்றாள் அத்தை காலிக் கட்டிலைப் பார்த்தபடி. "அப்பன் வீட்டுல இல்லைன்னதும் அவனும் போயிட்டான்."

"அப்படியெல்லாம் இல்ல. நீங்க ரெண்டு வாய் சாப்பிட்டு மாத்திரையைப் போடுங்க."

"அது சாப்பிடட்டும்."

"அத்தை…"

"அது சாப்பிடட்டும்னு சொல்றேன்ல."

அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. தட்டை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தாள். மேஸ்திரி அவள் போவதைக் கூடப் பார்க்கவில்லை. அது இன்னும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

*

கடையில் அன்றைக்குக் கூட்டம். கோழியைத் தோள் மூட்டில் பிரித்து, தொடையை உருவி, கழுத்தைத் தனியாகத் தொட்டியில் போட்டாள். வலிக்கிற தோளோடு இன்னொன்றின் தோள் மூட்டைக் கழற்றுவது வேடிக்கையான வேலை.

"என்னக்கா, இன்னைக்குக் கத்தி அழுவுது?" என்றான் நெட்டை. பக்கத்து மேடையில் வெட்டுகிறவன். கடையின் டெலிவரி வண்டியும் அவன் பொறுப்பு. குனிந்தே வேலை செய்து அவன் முதுகு கேள்விக்குறியாகிவிட்டது.

"கை வலி."

"கை வலின்னா முகம் ஏன் இப்படி இருக்கு? மேஸ்திரி வேலையை விட்டுத் தூக்கிட்டாரா?"

"சாப்பிடல."

"அவரு சாப்பிடலைன்னா நீ ஏன் பட்டினி கிடக்குற? டீயைக் கூடத் தொடல."

அவள் திரும்பிப் பார்த்தாள். காலையில் அவன் வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. நாய் சாப்பிட்டால் அத்தை சாப்பிடுவாள் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தாள். தன்னை அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

குளிர் அறைக்குள் போய் ஒரு பெட்டி எடுத்துவரச் சொன்னார் கடைக்காரர். வழக்கமாக நெட்டை போய்விடுவான். அவளை உள்ளே விட மாட்டான். இன்றைக்கு அவளே கதவின் நெம்புகோலை இழுத்தாள். வெள்ளை மூச்சு முகத்தில் அடித்தது. கொக்கிகளில் தொங்கியவற்றுக்கு நடுவே நடந்து, அந்தச் சுவருக்கு முன்னால் நின்றாள்.

"ஏன் சொல்லல?" என்றாள்.

மோட்டார் உறுமியது. வேறு சத்தமில்லை.

"என்மேல கோபமா? தலை சரியா சீவல. கை தூக்க முடியல. அதுக்காகவா?"

கதவு திறந்தது. நெட்டை தலையை மட்டும் நீட்டினான். அவள் யாரோடு பேசினாள் என்று அவன் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, "வெளிய வாக்கா. உன் அத்தை போன் பண்றாங்க. விடாம அடிக்குது," என்றான்.

போனில் அத்தை சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "வா."

*

டெலிவரி வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு நெட்டை பறந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறியது வேகவைத்த கறியின் வாசனை. இந்த வீட்டில் மேஸ்திரியின் கறிக்கு வாசனை வந்ததே இல்லை.

அடுப்பில் பாத்திரம் இருந்தது. சிமெண்ட் தளத்தில் மேஸ்திரி முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு, வாயை மூட முடியாமல், இருமி இருமிச் சுழன்றது. எச்சிலில் ரத்தம் கலந்திருந்தது. சுவரோரம் அத்தை இரண்டு கையையும் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்தபடி நின்றாள், அந்தக் கைகள் வேறு யாருடையதோ மாதிரி.

"என்ன பண்ணீங்க அத்தை?"

"பச்சையா சாப்பிட்டு அலுத்துப்போச்சோன்னு… அவனுக்கும் சின்ன வயசுல சாப்பாடு இறங்கலன்னா குழைய வேகவெச்சு ஊட்டுவேன். ஊட்டினா சாப்பிடுவான். இதுவும் சாப்பிட்டுச்சு. கையால ஊட்டினேன். தட்டுல வெச்சாதானே உத்தரவு வேணும், கையில இருந்தா வாங்கிக்கிச்சு. எவ்வளவு ஆசையா வாங்கிச்சு தெரியுமா?"

"எலும்போடயா?"

"கழுத்து எலும்புதானே. தினமும் நீ போடுறதுதானே."

தினமும் போடுவதுதான். பச்சையாக.

நெட்டை ஒரு சாக்கை விரித்தான். இரண்டு பேருமாக நாயைச் சுருட்டித் தூக்கினார்கள். அவளுடைய தோள் கிழிகிற மாதிரி வலித்தது. அத்தை வாசல்வரை கூட வந்தாள்.

"அவன் நாயை நான் கொன்னுட்டேன்," என்றாள். "இனிமே அவன் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டான்."

நாய் டாக்டர் ஒல்லியான பெண். கோபக்காரியாகத் தெரிந்தாள். ஊசி போட்டு மயக்கி, வாயைப் பிளந்து, விளக்கடித்துப் பார்த்து, மேலண்ணத்தில் இரண்டு கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே குறுக்காக மாட்டியிருந்த எலும்புத் துண்டைக் குறடால் எடுத்தாள். தகரத் தட்டில் அது டிங் என்று விழுந்தது. ஈட்டி முனை மாதிரி கூர்மை.

"வேகவெச்சதா?"

"தெரியாம செஞ்சுட்டாங்க. வயசானவங்க."

"பச்சை எலும்பு மெல்லும்போது நசுங்கும். வெந்ததுன்னா இப்படிச் சிம்பு சிம்பா உடையும். உள்ள எவ்வளவு போயிருக்குன்னு படம் எடுத்தும் சரியா தெரியல. மலத்துல ரத்தம் வருதா, வாந்தி எடுக்குதான்னு பாருங்க. வந்தா எந்த நேரமானாலும் தூக்கிட்டு வாங்க." கையுறையைக் கழற்றினாள். "பச்சையா போடுறதும் எனக்குப் பிடிக்காத விஷயம்தான். கிருமி. பலகையைச் சுடுதண்ணில கழுவுறீங்களா?"

"கழுவுறேன்."

"கையையும் கழுவுங்க. மயக்கம் தெளிஞ்சு, சாயங்காலம் எலும்பில்லாத கொத்துக்கறி கொஞ்சம் வையுங்க. சாப்பிட்டா பாதி பயம் போச்சு. சாப்பிடலன்னா கூட்டிட்டு வந்துடுங்க."

சாப்பிட்டால். அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு வண்டியில் ஏறினாள். மேஸ்திரியின் தலை மடியில் கனத்தது. திறந்திருந்த ஒரு கண் எதையும் பார்க்கவில்லை.

வண்டி திரும்புகிற இடத்தில் நெட்டை சொன்னான்: "அக்கா, தப்பா எடுத்துக்காத. செத்தவன்கிட்ட உத்தரவு கேட்டு எத்தனை நாள் ஓட்டுவீங்க?"

"உனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். தெரிஞ்சதைச் சொல்றேன். அன்னைக்கு அந்த அறையில இருந்து அவனைத் தூக்குனது நான். கனமா இருந்தான். அவ்வளவு கனமானவன் காத்துல வர மாட்டான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

சாயங்காலம் மாமா வந்தார். ஒரு கண்ணில் வெள்ளைப் பட்டி. கொழுந்தன் அவரைக் கட்டிலில் உட்கார்த்திவிட்டு, "அண்ணி, சொட்டு மருந்து இதுல இருக்கு. அடுத்த கண்ணு அடுத்த மாசம், அதுக்கு ரெண்டு மூணு நாள் அங்கேயே தங்கணுமாம். எனக்கு ஷிப்டு இருக்கு," என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். வீட்டில் நடந்தது எதையும் அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மாமாவிடம் அவள் காதருகே குனிந்து நாயின் கதையைச் சொன்னாள். அவர் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தார். "காலையில சாப்பிடலயா?" என்று மட்டும் கேட்டார். "இல்ல" என்றாள். அவர் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்தார்.

அத்தை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. உதடு வறண்டு வெள்ளையாகியிருந்தது. நாய்க்கு ஊட்டும்போது தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டதாகவும், அதை அப்புறம் வாந்தி எடுத்துவிட்டதாகவும் சொன்னாள்.

"இன்னொரு தடவை வெச்சுப் பாக்குறேன் அத்தை. வாங்க, வந்து உட்காருங்க."

"எனக்கு அந்த இடத்துல உட்கார அருகதை இல்ல."

"வாங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முக்காலியில் உட்கார வைத்தாள். கொத்துக்கறியைத் தட்டில் வைத்தாள். மேஸ்திரி எழுந்தது. பின்னங்கால் இரண்டும் தனித்தனி திசையில் போயின. தட்டுக்கு முன்னால் நிற்கவே முடியவில்லை. அவள் போய் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் கழுத்தையும் தாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் தெரிந்தது. நாய் பார்க்கிற திசையில் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே அத்தை. அத்தைக்குப் பின்னால் சமையலறை. அதற்கும் பின்னால் உள்வாசலின் இருட்டு.

அத்தைக்கும் அது தெரிந்துவிட்டது.

"கண்ணை மூடிக்கோ," என்றாள்.

"மூடிட்டேன்."

"நல்லா மூடு."

நன்றாகவே மூடினாள். மேஸ்திரியின் நெஞ்சு அவள் உள்ளங்கையில் அடித்தது. ஊசி மருந்தின் நாற்றமும் பச்சைக் கறியின் நாற்றமும் மாறி மாறி வந்தன. அத்தை வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மகனிடம் பேசுகிறாள். "தெரியாம செஞ்சுட்டேன்டா. அம்மாதானே. ஒரு தடவை சொல்லுடா."

நாயின் கழுத்து நரம்பு அவள் விரலுக்கடியில் விறைத்தது. தலை நிமிர்ந்தது. காது அவள் கன்னத்தில் உரசிக்கொண்டு எழுந்தது.

அவன் நிற்கிறான். இப்போது, இந்த நொடி, எதிரே நிற்கிறான். ஆறு மாதம் பார்க்காத முகம். கண்ணைத் திறந்தால் போய்விடுவான். திறக்காவிட்டால் இனி ஒரு நாளும் பார்க்க முடியாது.

திறந்தாள்.

இருட்டில் முதலில் தெரிந்தது அந்த வெள்ளைக் கண்பட்டி. மாமா கட்டிலில் ஒருக்களித்து, வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வைக்குள்ளிருந்து வலது கை மட்டும் வெளியே வந்திருந்தது. உள்ளங்கை விரிந்து, அசையாமல் நின்றது. நில். பிறகு விரல்கள் மடங்கின. சுட்டு விரல் மட்டும் கீழே பார்த்து, மெதுவாக, மிக மெதுவாக ஒரு வட்டம் போட்டது. இறக்கு.

அவள் கைக்குள்ளிருந்த நாயின் கழுத்து, கயிறு விட்டதும் இறங்குகிற கொக்கி போல இறங்கியது. மேஸ்திரி சாப்பிட்டது.

மாமாவின் ஒற்றைக் கண் அவள் கண்ணைச் சந்தித்தது. கை போர்வைக்குள் போனது.

"சாப்பிடுதா?" என்றாள் அத்தை. அவளே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், இருந்தும் கேட்டாள்.

"சாப்பிடுது அத்தை."

அத்தை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு வீடு கேட்க. அவள் நாயைப் பிடித்தபடியே இருந்தாள். அழுகை வரவில்லை. குளிர் அறைக் கதவு திறந்து, அந்த வெள்ளை மூச்சோடு, அவனை இன்னொரு தடவை வெளியே தூக்கி வருகிற மாதிரி இருந்தது. நெட்டை சொன்னது சரி. கனமாகத்தான் இருந்தான்.

*

அத்தை சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். தட்டில் விரல் உரசுகிற சத்தம் நடைவரைக்கும் வந்தது. அவள் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு மாமாவின் கட்டிலருகே போய் அவர் காதருகே குனிந்தாள்.

"எப்போல இருந்து மாமா?"

"முதல் நாள்ல இருந்து."

செவிடு என்பதால் அவர் வழக்கமாகக் கத்தித்தான் பேசுவார். இப்போது அந்தக் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"சின்ன வயசுல அவன் என்கூடக் கிரேன் பாக்க வருவான். அங்க இரைச்சல்ல வாய் பிரயோஜனப்படாது. கைதான் பேசும். நாய்க்கும் அதையே பழக்கிட்டான். விடியக்காலையில இங்க படுத்துக்கிட்டுப் பாப்பேன். என் கை மாதிரியே இருக்கும் அவன் கை."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாய் செத்துடப் போகுதேன்னு கையைக் காட்டினேன், அது சாப்பிட்டுச்சு. உங்க அத்தை 'வந்துட்டான்'னா. இல்லடி, நான்தான்னு சொல்றதுக்குள்ள தட்டை எடுத்து வெச்சுச் சாப்பிட உட்கார்ந்துட்டா. அத்தனை நாள் கழிச்சு. சாப்பிடுறவளை எப்படிம்மா எழுப்புறது?"

"சரி. எனக்கு?"

அவர் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார்.

"எனக்குமா சொல்லக் கூடாது? நான் தினமும் தலை சீவிக்கிட்டு நின்னேன் மாமா."

மாமாவின் தாடை அசைந்தது. பட்டி கட்டாத கண்ணிலிருந்து வழிந்தது மருந்தா வேறா என்று சொல்ல முடியாது.

"நீயும்தான் சாப்பிடாம கிடந்த," என்றார்.

அவள் அவர் தலையைச் சாய்த்து, பட்டியை மெதுவாக விலக்கி, இமையைப் பிரித்துச் சொட்டு விட்டாள். கோபமெல்லாம் கைக்கு வந்துவிடுமோ என்று பயந்து, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விட்டாள். பட்டியைத் திரும்ப ஒட்டினாள்.

"அடுத்த கண்ணுக்கு ரெண்டு மூணு நாள் இருக்கணும்னு சொல்லிட்டாங்க," என்றார் மாமா. "அதுக்குத்தான் நான் போக மாட்டேன்னது. இன்னைக்கு ஒரு வேளைக்கே இப்படி ஆச்சு. நீ கத்துக்கோ."

"மாட்டேன்."

"பெரிய வித்தை இல்ல. முதல்ல கையை விரி. நாய் உன்னைப் பாக்குற வரைக்கும் அசைக்காத. அப்புறம் விரலைக் கீழ காட்டு. அவசரப்பட்டுச் சுத்தினா அது நம்பாது."

"அவரு இடத்துல நின்னு கத்தி பிடிக்கிறேன் மாமா. அவரு நாய்க்குக் கறி நறுக்குறேன். அவரு கையாவும் நான் நிக்கணுமா?"

மாமா போர்வையிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். விரித்தார். மடக்கினார். சுட்டு விரல் வட்டம் போட்டது. அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். அவர் மணிக்கட்டை எங்கே நிறுத்துகிறார் என்பது வரைக்கும் பார்த்துவிட்டாள்.

சமையலறையிலிருந்து அத்தை கூப்பிட்டாள்.

"பெரியவளே."

"என்ன அத்தை?"

"கண்ணை மூடிக்கிட்டுதானே இருந்த?"

அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் கை கட்டிலின் விளிம்பில் அப்படியே கிடந்தது. நில் என்றும் சொல்லவில்லை, இறக்கு என்றும் சொல்லவில்லை.

"ஆமா அத்தை."

"அவன் என்னை மன்னிச்சுட்டான்ல? மன்னிக்காமலா உத்தரவு கொடுத்திருப்பான்?"

உள்ளே தட்டில் விரல் உரசும் சத்தம் நின்றுபோயிருந்தது. பதில் வரும்வரை அடுத்த வாய் இறங்காது.

"மன்னிச்சுட்டாரு அத்தை," என்றாள்.

"அப்போ இன்னும் கொஞ்சம் போடு. பசிக்குது."

அவள் போய்ப் போட்டாள். கரண்டியைத் தூக்கும்போது தோள் சுரீரென்றது, காட்டிக்கொள்ளவில்லை. மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அத்தை பசியோடு, அவசர அவசரமாக, ஒரு குழந்தையைப் போலச் சாப்பிட்டாள். அவள் எதிரே உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம்வரைக்கும் அந்தப் பொய் மாமாவுடையது. இப்போது அவளுடையதும்தான். அத்தைக்கு அவள் ஓர் உண்மை பாக்கி வைத்திருக்கிறாள்.